பூனை ஏன் மெத்தையில் மூத்திரம் போகுது? (எபிசோடின் எழுத்து வடிவம்)

போன மாசம், வீட்டுப் பூனை பற்றி என்ன கேள்வி இருந்தாலும் வாய்ஸ் நோட் அனுப்புங்கன்னு சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். நகம், கடி, ராத்திரி கத்தல் எல்லாம் அதுக்குப் பின்னாடிதான் வரிசையில் நிக்குது. பூனை லிட்டர் பாக்ஸை விட்டுட்டு வேற இடத்துல மூத்திரம் போகுது. மெத்தை, சோபா, துவைக்கப் போட்ட துணி, ஒரு வீட்டில் ஆபீஸ் லேப்டாப் பை. அதனால இன்னைக்கு இந்த ஒரு விஷயம் மட்டும் பேசுவோம்.

நான் வெட்னரி டாக்டர் கிடையாது. இன்ஜினியரிங் படிச்சுட்டு கோடு எழுதிப் பிழைக்கிறவன், வீட்டில் ரெண்டு பூனை இருக்கு, இந்த விஷயத்தை கொஞ்சம் ஆழமா படிச்சிருக்கேன், அவ்வளவுதான்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இதை மட்டும் கேட்டுட்டு மிச்சத்தை ஸ்கிப் பண்ணினாலும் பரவாயில்லை. உங்க வீட்டில் இருப்பது ஆண் பூனை. அது திரும்பத் திரும்ப லிட்டர் பாக்ஸுக்குப் போகுது, உட்கார்ந்து முக்குது, ஆனா ஒண்ணுமே வரலை, அல்லது ரெண்டு சொட்டுதான் வருது. கத்துது, அடியில் நக்கிக்கிட்டே இருக்குன்னா, எபிசோடை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட கிளம்புங்க. நாளைக்குக் காலையில் போய்க்கலாம்னு வைக்காதீங்க. ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் ரொம்பக் குறுகலானது. சின்னப் படிகங்களும் சளி மாதிரியான கசடும் சேர்ந்து அதை அடைச்சுடும். அடைச்சா மூத்திரம் பின்னாடி தேங்கி, சிறுநீரகம் வேலை நிறுத்தும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், அது இதயத்தைப் பாதிக்கும். ஒண்ணு, ரெண்டு நாளில், அதிகம் போனா மூணு நாளில் பூனை செத்துடும். நிறைய பேர் இதை மலச்சிக்கல்னு நினைச்சு விளக்கெண்ணெய் கொடுத்துட்டு காத்திருக்காங்க. முக்குறது ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால சந்தேகம்னா அடைப்புன்னே எடுத்துக்கோங்க. நேரத்தோட போனா டாக்டர் குழாய் போட்டு அடைப்பை எடுத்துடுவார், பூனை பிழைச்சுக்கும்.

சரி, மூத்திரம் தாராளமா வருது, இடம்தான் தப்புன்னு வைப்போம். அப்பவும் முதல் வேலை டாக்டர்தான். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, பித்தப்பையில் வர்ற மாதிரி மூத்திரப்பையில் வர்ற கல், இதெல்லாம் இருக்கான்னு யூரின் டெஸ்டும் ஸ்கேனும் சொல்லும். வயசான பூனைன்னா மூட்டுவலியையும் சேர்த்துக்கோங்க. 12 வயசுக்கு மேற்பட்ட பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஒரு ஆய்வில் பத்தில் ஒன்பதுக்கு எங்கேயோ ஒரு மூட்டில் தேய்மானம் இருந்தது. உயரமான விளிம்பைத் தாண்டி பாக்ஸுக்குள்ள இறங்குறது வலிக்குதுன்னா அது வெளியில்தான் போகும். அதுக்கு மருந்து, விளிம்பு தாழ்வான ஒரு தட்டு.

இப்போ சுவாரசியமான இடத்துக்கு வருவோம். பத்து வயசுக்குக் குறைவான பூனைகளில், மூத்திரப்பை சம்பந்தமான தொந்தரவோட டாக்டர்கிட்ட வர்றதில் பாதிக்கு மேல், டெஸ்ட்ல கிருமியும் இருக்காது, கல்லும் இருக்காது. ஆனா மூத்திரப்பை உண்மையிலேயே வீங்கிப் புண்ணாகியிருக்கும், சிலநேரம் ரத்தமும் வரும். காரணம் தெரியாத மூத்திரப்பை அழற்சின்னு இதுக்குப் பேரு. டாக்டர்கள் சுருக்கமா எஃப்ஐசி-ன்னு சொல்வாங்க. இது பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்ள தானாவே அடங்கிடும். இங்கதான் ஒரு சிக்கல். ஆன்டிபயாட்டிக் ஐந்து நாள் கொடுப்பாங்க, பூனை சரியாகும், மருந்துதான் வேலை செஞ்சதுன்னு நாம நினைப்போம். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி ஆரம்பிக்கும். சர்வரை ரீஸ்டார்ட் பண்ணினா பிரச்சினை போயிடுச்சுன்னு டிக்கெட்டை மூடுற மாதிரிதான் இது.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன்னு ஒரு கால்நடை மருத்துவப் பேராசிரியர் இதைப் பல வருஷம் ஆராய்ச்சி பண்ணினார். அவங்க குழு சொன்ன விஷயம் என்னன்னா, இந்த வியாதி மூத்திரப்பையில் ஆரம்பிக்கிறதே இல்லை. பதற்றத்துக்கு உடம்பு காட்டுற எதிர்வினை சில பூனைகளுக்கு மூத்திரப்பையில் வெளிப்படுது. 2006-ல் வெளியான அவங்க ஆய்வில், இப்படிப்பட்ட பூனைகளோட வீட்டுச் சூழலை மாத்தினாங்க: ஒளிய இடம், ஏற உயரம், விளையாட்டு, நல்ல லிட்டர் பாக்ஸ், பூனைகளுக்குள்ள சண்டை குறையுற மாதிரி ஏற்பாடு. தொந்தரவு கணிசமா குறைஞ்சது. 2011-ல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் பிடிச்சது. நோய் உள்ள பூனைகளோட, முழு ஆரோக்கியமான பூனைகளையும் வச்சு மாசக்கணக்கில் கவனிச்சாங்க. கவனிக்கிற ஆள் மாறுறது, சாப்பாட்டு நேரம் மாறுறது மாதிரி ஏதாவது வழக்கம் குலைஞ்ச வாரங்களில், ஆரோக்கியமான பூனைகளும் வாந்தி எடுத்தன, சரியா சாப்பிடலை, பாக்ஸுக்கு வெளியில் போச்சுங்க. அதாவது ஒரு வியாதியும் இல்லாத பூனைக்கே, நாள் ஒழுங்கா போகலைன்னா இதெல்லாம் வரும்.

"அது வேணும்னே பண்ணுது, பழிவாங்குது"ன்னு நிறைய வாய்ஸ் நோட்ல கேட்டேன். நாலு நாள் ஊருக்குப் போயிட்டு வந்தா சரியா நம்ம தலையணையில் போயிருக்கு, அப்போ பழிவாங்குறதுதானேன்னு. இல்லைங்க. வீட்டில் நம்ம வாசனை அதிகமா இருக்கிற இடம் மெத்தையும் தலையணையும்தான். பதற்றமான பூனை தன் வாசனையை அங்க கலந்து வைக்குதுன்னு ஒரு விளக்கம் உண்டு. மெத்தை மெத்துனு இருக்கு, ஈரத்தை உடனே உறிஞ்சுது, உயரத்துல இருந்து நாலு பக்கமும் பார்க்கலாம், அதனாலதான்னு இன்னொரு விளக்கமும் உண்டு. எது சரியா இருந்தாலும் அதில் கோபத்துக்கு இடமில்லை.

இனி ஒரு கேஸ் சொல்றேன். கோயம்புத்தூர்ல இருந்து ஒரு அக்கா எழுதியிருந்தாங்க. ரெண்டு பூனை. நாலு வயசு ஆண், ஆபரேஷன் ஆனது. மூணு வாரமா கட்டிலில்தான் மூத்திரம். டாக்டர்கிட்ட போயாச்சு, கிருமி இல்லை, கல் இல்லை. ஆனா வீட்டில் மாமியார் கெடு வச்சுட்டாங்க: "தீபாவளிக்குள்ள சரியாகலைன்னா உக்கடம் மீன் மார்க்கெட்ல கொண்டுபோய் விட்டுடலாம்." அவங்களைத் தப்பு சொல்ல முடியாது. மூணு வாரத்துல ரெண்டு மெத்தை போயிருக்கு.

நான் அந்த அக்காவை ஒண்ணே ஒண்ணுதான் பண்ணச் சொன்னேன். எதையும் மாத்தாதீங்க, ரெண்டு வாரம் நோட்டுல எழுதுங்க. தேதி, மணி, இடம், அப்போ வீட்டில் யார் யார், அதுக்கு அரை மணி முன்னாடி என்ன நடந்தது, இந்த அஞ்சுதான். ஒன்பது தடவை நடந்திருக்கு. அதில் ஏழு, காலையில் அஞ்சரைக்கும் ஏழுக்கும் நடுவில். அதைப் பார்த்ததும் அவங்களுக்கே சந்தேகம் வந்து, ஒரு நாள் அஞ்சு மணிக்கு எழுந்து உட்கார்ந்து பார்த்திருக்காங்க. லிட்டர் பாக்ஸ் இருந்தது சமையலறைக்குப் பின்னாடி, வாஷிங் மெஷின் வைக்கிற சர்வீஸ் பால்கனியில், கிரில் போட்டது. கீழ்வீட்டில் புதுசா ஒருத்தர் விடியற்காலையில் தெருப்பூனைகளுக்கு மீன் தலை வைக்க ஆரம்பிச்சிருக்கார். அதைச் சாப்பிட வர்ற பெரிய கடுவன் ஒண்ணு, சாப்பிட்டு முடிச்சு சன்ஷேட் வழியா ஏறி, கிரிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கிட்டு இருக்கும். நம்ம ஆளுக்கு பாக்ஸுக்குப் போக ஒரே வழி, அதோட கண்ணு முன்னாடி. கட்டில் பாதுகாப்பான இடம்.

செஞ்சது மூணு வேலை. படுக்கையறை மூலையில் இன்னொரு பாக்ஸ். கிரிலில் ரெண்டடி உயரத்துக்கு வெளியே தெரியாத பிளாஸ்டிக் ஷீட். கீழ்வீட்டுக்காரர்கிட்ட பேசி, மீனை கட்டடத்தோட அந்தப் பக்கம் வைக்கச் சொன்னது. பத்து நாளில் கட்டிலில் போறது நின்னுச்சு. தீபாவளி அன்னைக்கு ராத்திரி மட்டும் ஒரு தடவை. மறுபடி பஞ்சாயத்து வரும்னு அக்கா பயந்துட்டு இருந்தப்போ, மாமியாரே "வெடிச் சத்தத்துக்கு என் பேத்தியே கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிறா, அது என்ன பண்ணும்"னு சொல்லி பெட்ஷீட்டை ஊறப் போட்டாங்களாம்.

மீன் மார்க்கெட் பற்றி ரெண்டு வார்த்தை. அங்கே சாப்பாடு கிடைக்கும், பிழைச்சுக்கும்னு நாம சமாதானம் சொல்லிக்கிறோம். அங்கே ஏற்கெனவே ஒவ்வொரு மூலைக்கும் ஒரு சொந்தக்காரப் பூனை இருக்கு. வீட்டிலேயே வளர்ந்தது அவற்றோட போட்டி போடாது, ஒளிஞ்சுக்கும், சாப்பிடாது. நாலஞ்சு நாள் பட்டினி கிடந்தா பூனையோட கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே உயிருக்கு ஆபத்தாகும், குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம். வீட்டைத் தேடிக் கிளம்பினா ரோடு. பட்டினி கிடக்கும்னு தெரிஞ்சே பிராணியைக் கைவிடுறது 1960-ம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

அடுத்து, மூத்திரம் போறதும் அடையாளம் தெளிக்கிறதும் ரெண்டு வேற விஷயம். குந்தி உட்கார்ந்து, தரையில், நிறைய போனா அது கழிப்பறைப் பிரச்சினை. நின்னபடி, வாலைத் தூக்கி, வால் நுனி நடுங்க, சுவரிலோ கதவிலோ கொஞ்சமா பீச்சினா அது ஸ்ப்ரே. ரெண்டாவதுக்கு முதல் மருந்து கருத்தடை ஆபரேஷன். ஆண் பூனைகளில் சுமார் பத்தில் ஒன்பது அதுக்கப்புறம் நிறுத்திடும் அல்லது வெகுவா குறைச்சுடும். பெண் பூனையும் ஸ்ப்ரே பண்ணும், அதையும் மறக்காதீங்க. ஆபரேஷன் ஆகியும் தொடர்ந்தா, ஜன்னலுக்கு வெளியே யார் வர்றாங்கன்னு பாருங்க.

இப்போ பாக்ஸ். இதில்தான் நம்ம ஊர் வீடுகளில் பெரிய கோளாறே இருக்கு. வீட்டுப் பூனையோட மூதாதை, மேற்காசியா, வட ஆப்பிரிக்கா பக்கத்து காட்டுப்பூனை. வறண்ட நிலத்துப் பிராணி. மண்ணைத் தோண்டி, போய், மூடுறது அதோட ரத்தத்தில் இருக்கு. நம்ம பாட்டி வீடுகளில் பூனை தானா தோட்டத்து மண்ணுக்கோ அடுப்புச் சாம்பலுக்கோ போயிடும், யாரும் பழக்கினதில்லை. அமெரிக்காவிலும் 1947 வரைக்கும் மணலும் சாம்பலும்தான். அந்த வருஷம் எட்வர்ட் லோன்னு ஒருத்தர், ஃபேக்டரியில் எண்ணெய்க் கறை உறிஞ்ச வச்சிருந்த களிமண் துகளை பக்கத்து வீட்டம்மாவோட பூனைக்குக் கொடுக்கப் போய், அதுவே பெரிய வியாபாரமா ஆச்சு. இன்னைக்கு அபார்ட்மென்ட் பூனைக்கு தோட்டமும் இல்லை, சாம்பலும் இல்லை. நாம வைக்கிற ஒரு டப்பாதான் அதுக்கு உலகம்.

அந்த டப்பா எவ்வளவு பெருசா இருக்கணும்? மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்குற இடம் வரைக்கும் அளங்க, அதைப் போல ஒன்றரை மடங்கு நீளம். வளர்ந்த பூனைக்கு கிட்டத்தட்ட 70 சென்டிமீட்டர் வரும். கடையில் விற்கிற அழகான பாக்ஸ் பெரும்பாலும் இதுக்கு ரொம்பச் சின்னது. பூனை உள்ளே திரும்ப முடியாம பின்பக்கம் வெளியே நீட்டிக்கிட்டுப் போகும், நாம அதைத் திட்டுவோம். பாத்திரக் கடையில் கிடைக்கிற பெரிய பிளாஸ்டிக் சாமான் டப் வாங்கி, ஒரு பக்கம் தாழ்வா வெட்டி, விளிம்பைத் தேய்ச்சு விட்டுடுங்க. விலையும் குறைவு. லிட்டர் மெல்லிசா, மணல் மாதிரி, வாசனை சேர்க்காததா இருக்கணும். லாவெண்டர் வாசனை நமக்காகப் போடுறது. பூனை மூக்குக்கு அது சென்ட் பாட்டிலைக் கவிழ்த்த பாத்ரூம்.

எண்ணிக்கை: எத்தனை பூனையோ அதைவிட ஒண்ணு கூட. ரெண்டு பூனைன்னா மூணு. வீட்டில் இடமில்லைங்கன்னு சொல்வீங்க, தெரியும், எனக்கும் 700 சதுர அடிதான். ஆனா மூணையும் ஒரே பால்கனியில் வரிசையா வச்சா பூனைக் கணக்கில் அது ஒரே பாக்ஸ். ஒரு பூனை வாசலில் படுத்துக்கிட்டா மூணும் அடைபட்டுடும். சண்டைன்னா கத்திக்கிட்டு உருள்றதுன்னு நாம நினைக்கிறோம். பூனைகளுக்குள்ள பாதி சண்டை இப்படி சத்தமே இல்லாம, வழியில் படுக்கிறதும் முறைக்கிறதுமாதான் நடக்கும். அதனால ரெண்டு பாக்ஸ்தான் முடியும்னாலும் வெவ்வேற அறையில் வைங்க. வாஷிங் மெஷின் பக்கத்துல வேண்டாம், ஸ்பின் ஆரம்பிக்கும்போது உள்ளே இருந்தா அதுக்கப்புறம் அந்தப் பக்கமே வராது. சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்துலயும் வேண்டாம். தினம் ரெண்டு வேளை அள்ளணும். இதில் குறுக்கு வழி எனக்குத் தெரிஞ்சு இல்லை.

சுத்தம் பண்றது. இங்கதான் நம்ம வீட்டுப் பழக்கம் ஆபத்தாகுது. பூனை மூத்திரம் பட்ட இடத்தை உடனே பினாயில் போட்டுத் துடைப்போம். பீனால் வகை ரசாயனத்தை உடைச்சு வெளியேத்துற ஒரு நொதிக்கான மரபணு பூனைக் குடும்பத்தில் பழுதாகிப் போயிருக்கு. அதனால கருப்பு பினாயில், டெட்டால் மாதிரி குளோரோசைலினால் உள்ள திரவம் எல்லாம் அதுக்கு விஷம். துடைச்ச தரையில் நடக்கும், பாதத்தை நக்கும், நேரா வயித்துக்குள்ள. பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்றதுக்கும் அடிப்படைக் காரணம் இதே குறைதான். காய்ச்சல் மாதிரி இருக்குன்னு பாதி மாத்திரைகூட கொடுத்துடாதீங்க. பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், மூத்திரத்து அம்மோனியாவோட சேர்ந்தா அந்தப் புகை நம்ம நெஞ்சையே அடைக்கும்.

சரி, எதைப் போடுறது? பூனை மூத்திரத்தில் இருக்கிற யூரிக் அமில உப்பு தண்ணீரில் லேசில் கரையாது. காய்ஞ்சதும் போயிடுச்சுன்னு நினைப்போம், மழைக்காலத்துல ஈரக்காத்து பட்டதும் மறுபடி நாறும். நமக்கு நாறலைன்னாலும் பூனைக்கு, இது கழிப்பறைன்னு போர்டு தொங்குது. அதனால என்சைம் கிளீனர்னு கேட்டு வாங்குங்க. முதலில் துணியால் ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. அப்புறம் மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்குமோ அவ்வளவு ஆழம் இறங்குற மாதிரி தாராளமா ஊத்தி, பாட்டிலில் போட்டிருக்கிற நேரம் ஊற விடணும். மேலாப்ல தெளிச்சுத் துடைச்சா காசுதான் நஷ்டம். பழைய கறையைக் கண்டுபிடிக்க, ராத்திரி லைட்டை அணைச்சுட்டு புற ஊதா டார்ச் அடிச்சுப் பாருங்க, மினுங்கும்.

தண்ணி பற்றி சின்னதா. வறண்ட நிலத்துப் பிராணிங்கிறதால தாகம் குறைவு, மூத்திரம் ரொம்ப அடர்த்தி. உலர் தீனியில் ஈரம் சுமார் 10 சதவீதம்தான், ஈரத் தீனியில் 75-க்கு மேல். மூத்திரப்பைத் தொந்தரவு உள்ள பூனைக்கு ஈரத் தீனி நல்ல மாற்றம். மீனோ கோழியோ வேகவச்ச தண்ணியும் ஊத்தலாம். உப்பு வேண்டாம், வெங்காயம் பூண்டு கண்டிப்பா கூடாது, ரெண்டும் அதோட ரத்த அணுக்களைச் சிதைக்கும்.

மூக்கைக் கொண்டுபோய் கறையில் தேய்க்கிறது, தண்ணி பீச்சுறது, அடிக்கிறது, இதெல்லாம் பற்றி ஒரு வரியில் சொல்லிடுறேன்: பதற்றத்தால வந்த பிரச்சினைக்கு இன்னும் கொஞ்சம் பதற்றத்தை மருந்தா கொடுக்கிறோம். அடுத்த தடவை நாம பார்க்காத இடத்தில் போகும், அவ்வளவுதான்.

ஃபெரோமோன் டிஃப்யூசர் வாங்கலாமான்னு மூணு பேர் கேட்டிருந்தீங்க. ஆய்வு முடிவுகள் ரெண்டு பக்கமும் இருக்கு. பாக்ஸையும் ஜன்னலையும் சரி பண்ணாம அதை மட்டும் பிளக்கில் சொருகுறதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சூழலை எவ்வளவு மாத்தியும் தீராத பூனைகளுக்கு ஃபுளூயாக்சிடின் மாதிரி மருந்து டாக்டர்கள் எழுதுவாங்க, அது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. அளவை டாக்டர்தான் சொல்லணும், மெடிக்கல் ஷாப்காரர் இல்லை.

உங்க நோட்டை ஆரம்பிங்க: தேதி, மணி, இடம், யார் இருந்தாங்க, முன்னாடி என்ன நடந்தது. டாக்டரைப் பார்த்தாச்சுன்னா, ரெண்டு வாரம் எழுதினதுக்கப்புறம் போட்டோ எடுத்து அனுப்புங்க, அடுத்தடுத்த எபிசோட்ல ரெண்டு மூணு கேஸ் எடுத்துப் பேசுவோம். அடுத்த வாரம் சோபாவும் நகமும். அதுவரைக்கும், பாக்ஸை அள்ளிட்டீங்களா?